காதுவலிதானே!



மாதத்தின் முதல் வெள்ளியன்று, காலைத் திருப்பலி முடிந்தபின், கோவிலுக்கு வர இயலாத முதியோர்க்கும் நோயாளர்க்கும் நற்கருணை கொண்டுசெல்வது என் வழக்கம். ஒரு பங்கின் உண்மை நிலை பங்குப் பேரவைக் கூட்டத்தில் தெரிவதைவிட இந்த நடையில்தான் அதிகம் தெரியவரும். எந்த வீட்டில் கூரை ஒழுகுகிறது, எந்த வீட்டில் மருந்துப் பெட்டி காலியாயிருக்கிறது என்பதெல்லாம் திண்ணையில் கால் வைத்ததுமே கண்ணில் பட்டுவிடும். அப்படிக் கண்ணில் பட்டும் நான் கவனியாது விட்ட ஒன்றைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன். அது என்னுடைய தவறு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து முதல் வெள்ளி. எங்கள் பங்கில் நெடுங்காலம் உபதேசியாராய் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வீட்டிற்குப் போயிருந்தேன். அவருக்கு வயது 72. நீரிழிவு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன உபதேசியாரே, காதில் என்ன?"

"ஒன்றுமில்லை சாமி, காதுவலிதான். இரண்டு வாரமாய் இருக்கிறது. பகலில் தெரிவதில்லை. இரவில்தான் உயிரை எடுக்கிறது."

அவருடைய மனைவியார் பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முந்தைய ஆண்டு காதில் அரிப்பு வந்தபோது மருத்துவர் எழுதித் தந்த சொட்டு மருந்தில் பாதி என் மேசையில் மிச்சமிருந்தது. "எண்ணெய் ஊற்றாதீர்கள், இதைப் போடுங்கள்" என்று மாலையில் பீடச்சிறுவன் ஒருவன் கையில் அதைக் கொடுத்தனுப்பினேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவோடு அன்றிரவு உறங்கியும் போனேன். எனக்கும் நான்கு ஆண்டுகளாய்ச் சர்க்கரை உண்டு. என்றாலும், சர்க்கரைக்கும் காதுவலிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜூலை முதல் வெள்ளியன்று போனபோது, காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. பஞ்சு வைத்திருந்தார். நற்கருணை வாங்க அவரால் வாயைப் போதுமான அளவு திறக்க முடியவில்லை. "சாப்பிடும்போது தாடை நோகிறது சாமி" என்றார். கடையில் வாங்கிய மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டாராம். வலி சற்றே தணிந்து மீண்டும் வந்துவிட்டதாம். காய்ச்சல் உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். காய்ச்சல் இல்லை என்றதும் எனக்கும் ஓர் ஆறுதல். "நல்ல மருத்துவரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டிற்கு நடந்தேன். "காட்டுங்கள்" என்று சொல்வது எளிது. எங்கே காட்டுவது, யார் அழைத்துப் போவது என்று நான் கேட்கவில்லை.

அம்மாதம் முடிவதற்குள் ஒரு விடியற்காலையில் அவருடைய பேரன் ஓடிவந்தான். தாத்தாவின் முகம் கோணிவிட்டது என்றான். போய்ப் பார்த்தேன். வலப்பக்கத்து உதடு தொங்கியிருந்தது. வலக்கண்ணை மூட முடியவில்லை. குடித்த காப்பி கடைவாய் வழியே வழிந்தது. பக்கவாதம் என்றே எல்லாரும் நினைத்தோம். நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே பணிமருத்துவர் அவரைப் பார்த்து, நெற்றியைச் சுருக்கச் சொல்லி, கைகால்களைத் தூக்கச் சொல்லி, பிறகு காதிலிருந்த பஞ்சைப் பார்த்தார். "இது எத்தனை நாளாய்?" என்று கேட்டார். அதன்பின் அவரை அனுப்பியது காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு. அன்று அவருடைய இரத்தச் சர்க்கரை 380.

அந்நோயின் பெயரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். 'மாலிக்னன்ட் ஓட்டைடிஸ் எக்ஸ்டெர்னா'. 'மாலிக்னன்ட்' என்ற சொல் காதில் விழுந்ததும் உபதேசியாரின் மகள் சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். புற்றுநோய் என்றே அவள் எண்ணினாள். நானும் அப்படித்தான் எண்ணினேன். மருத்துவர் அவளை உட்காரவைத்து விளக்கினார். இது புற்றுநோய் அன்று. கிருமியால் வரும் அழற்சி. 1968-இல் அமெரிக்காவின் மயாமி நகரத்து மருத்துவர் சாண்ட்லர் என்பவர், இந்நோய் கண்ட 13 பேரைப் பற்றி எழுதியபோது அந்தக் கொடும்பெயரை இட்டார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோயினர். அந்த அச்சம் பெயரில் தங்கிவிட்டது. இன்று பல மருத்துவர்கள் 'நெக்ரோடைசிங்', அதாவது திசுவை அழிக்கும் வெளிக்காது அழற்சி, என்றே எழுதுகிறார்கள். நல்ல மாற்றம். நோயாளியின் குடும்பம் பாதி நாளைப் பெயருக்கு அஞ்சியே கழிப்பதில் யாருக்கு என்ன பயன்?

அன்று அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டியதை என்னால் இயன்றவரை இங்கே எழுத்தில் தருகிறேன்.

நம் காதின் துளையிலிருந்து செவிப்பறை வரை செல்லும் குழாயின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். வெளிப்புறத்து மூன்றிலொரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. உட்புறத்து இரண்டு பங்கு எலும்பால் ஆனது. எலும்புப் பகுதியின் மேல் போர்த்திய தோல் மிக மெல்லியது. அடியில் கொழுப்பு மெத்தை ஏதுமின்றி எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குருத்தெலும்பிலோ இயற்கையாகவே சிறு வெடிப்புகள் உண்டு. நோயற்ற உடலில் இவற்றால் தொல்லையில்லை. தோலில் ஒரு கீறல் விழுந்தாலும் இரத்தம் ஓடிவந்து அதை ஆற்றிவிடும். வெள்ளணுக்கள் கிருமியைக் கொன்றுவிடும். காதுக்குறும்பியும் புளிப்புத்தன்மை கொண்டதாதலால் கிருமியை வளரவிடாது. நாம் அழுக்கென்று தோண்டியெடுப்பது உண்மையில் காவல்காரன்.

நீண்டகால நீரிழிவில் இந்தக் காவல் தளர்கிறது. நுண்ணிய இரத்தக்குழாய்கள் குறுகித் தடித்துப்போவதால் மருந்தும் வெள்ளணுவும் உரிய இடத்திற்குச் சென்றுசேர்வதில்லை. வெள்ளணுக்களின் போராடும் ஆற்றலும் குறைகிறது. நீரிழிவாளரின் குறும்பியில் புளிப்பு குறைந்திருக்கக் கண்டதாகவும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்நிலையில் 'சூடோமோனாஸ் எருஜினோசா' என்னும் கிருமி காதில் குடியேறுகிறது. நீரிலும் ஈரத்திலும் வாழும் கிருமி அது. எருஜினோசா என்ற சொல்லுக்குச் செம்புக் களிம்பின் நிறமுடையது என்று பொருள். நம் வீட்டுச் செம்புக் குடத்தில் பிடிக்கும் பச்சைக் களிம்பை நினைத்துக்கொள்ளுங்கள். இக்கிருமியால் வரும் சீழுக்கும் பெரும்பாலும் அந்தப் பச்சைச்சாயல் உண்டு.

தோலோடு நின்றால் சாதாரணக் காதழற்சி. சொட்டு மருந்தில் குணமாகும். அங்கே நில்லாமல் குருத்தெலும்பின் வெடிப்புகள் வழியாக எலும்புக்குள் இறங்கி, மண்டையோட்டின் அடித்தளம் வரை பரவுவதுதான் ஆபத்து. தாடை மூட்டு காதிற்கு முன்னாலேயே இருப்பதால் மெல்லும்போது வலிக்கிறது; வாய் திறக்க முடியாமற் போகிறது. முகத்தை அசைக்கும் நரம்பு காதிற்குக் கீழே ஒரு சிறு துளை வழியாக வெளிவருகிறது. அங்கே அழற்சி சேர்ந்தால் முகம் கோணுகிறது. இன்னும் உள்ளே சென்றால் விழுங்குவதற்கும் பேசுவதற்கும் உரிய நரம்புகளும் தாக்குறும். அதற்கும் அப்பால் உயிருக்கே கேடு.

உபதேசியார் ஜூலையில் வாய் திறக்க முடியாமல் என்முன் உட்கார்ந்திருந்தது எதன் அறிகுறி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. "சாமி, இரண்டு மாதத்திற்கு முன் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது" என்றார் மருத்துவர். கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று இலேசாய் இருந்திருக்கும்.

வாசகர்கள் தம் வீட்டுப் பெரியவர்களை மனத்தில் வைத்து ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரிழிவுள்ளவருக்கு, குறிப்பாக அறுபது கடந்தவருக்கு, காதுவலி வந்து, அது இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் அளவிற்கு இருந்து, சொட்டு மருந்து போட்டும் ஒரு வாரத்தில் தணியாவிட்டால், அதைக் 'காதுவலிதானே' என்று எண்ணவே கூடாது. பார்வைக்குத் தெரிவதற்கும் வலியின் கடுமைக்கும் பொருத்தமே இராது. காது வெளியில் சாதாரணமாய்த் தோன்றும், வலியோ பொறுக்க முடியாததாய் இருக்கும். காய்ச்சல் இல்லையே என்று அமைதி கொள்ள வேண்டாம். இந்நோயில் பெரும்பாலும் காய்ச்சல் வருவதில்லை. என்னை ஏமாற்றியதும் அதுவே. முகம் கோணினாலோ நாளும் நேரமும் பாராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அது பக்கவாதமா காது நோயா என்று வீட்டிலிருந்து ஆராய வேண்டாம்; இரண்டும் ஓட வேண்டியவையே.

எங்கே செல்வது? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப்பிரிவு உண்டு. சென்றதும் வாய்திறந்து சொல்லவேண்டிய முதற்செய்தி, "எனக்குச் சர்க்கரை இருக்கிறது" என்பது. குறும்பியை எடுக்கக் காதில் தண்ணீர் பீச்ச முற்படுவோரிடமும் இதைச் சொல்லுங்கள். வயது முதிர்ந்த நீரிழிவாளருக்குக் காதில் நீர் பீச்சியபின் இந்நோய் தோன்றியதை 1990-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நீரின்றிக் குறும்பியை எடுக்க வேறு வழிகள் உண்டு.

உபதேசியாரின் காதிற்குள் கருவியால் பார்த்தபோது, குழாயின் அடித்தரையில், குருத்தெலும்பும் எலும்பும் சேருமிடத்தில், சிவந்த சதைத்துளிர் ஒன்று இருந்தது. இந்நோயின் அடையாளம் அது. அதிலிருந்து சிறிது கிள்ளியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வேளைகளில் உண்மையாகவே புற்றுநோயும் இதே உருவில் வரக்கூடும் என்பதால் இது தவிர்க்க முடியாத சோதனை. சீழை எடுத்துக் கிருமி எது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று வளர்த்துப் பார்த்தார்கள். எலும்பு எவ்வளவு அரிக்கப்பட்டிருக்கிறது என்று அறிய சி.டி. ஸ்கேன், மென்மையான திசுக்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அறிய எம்.ஆர்.ஐ. இரத்தத்தில் இ.எஸ்.ஆர். என்றொரு அளவு பார்த்தார்கள். அது 96 இருந்தது. அவர் வயதிற்கு இது மிக அதிகம். விலை மலிவான இந்தச் சோதனைதான் பிற்பாடு நோய் தணிகிறதா இல்லையா என்பதைக் காட்டும் அளவுகோலாயிற்று.

ஸ்கேன் செலவுக்குப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் உதவினார்கள். அதுபற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

சிகிச்சையில் கத்திக்கு வேலை மிகக் குறைவு. சாண்ட்லர் காலத்தில் எலும்பை விரிவாகச் சுரண்டியெடுத்துப் பார்த்தார்கள். அதனால் பெரும்பயன் விளையவில்லை. இன்று காதை அடிக்கடி துப்புரவு செய்வதும், செத்த திசுவை நீக்குவதுமே போதும் என்கிறார்கள். உண்மையான போர் இரண்டு முனைகளில் நடக்கிறது. ஒன்று, சர்க்கரையை அடக்குவது. உபதேசியாருக்கு மாத்திரையை நிறுத்தி இன்சுலின் போட்டார்கள். ஊசி என்றதும் முகம் சுளித்தார். "கடைசியில் போடுவதுதானே சாமி இன்சுலின்?" என்று என்னைக் கேட்டார். கடைசியில் போடுவது அன்று, வேண்டும்போது போடுவது என்று மருத்துவர் திருத்தினார். கிருமியின் கொதிப்பு தணிந்தபின் பலருக்கு மீண்டும் மாத்திரைக்கே திரும்ப முடியும்.

மற்றொன்று, அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து. முதலில் மூன்று வாரம் இரத்தநாளத்தில் ஊசி; பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. 1980-களின் பிற்பகுதியில் இம்மாத்திரை புழக்கத்திற்கு வந்தபின் இந்நோயின் கதையே மாறியது. எலும்பிற்குள் நன்றாய் ஊடுருவும் மருந்து, வாய்வழியாகவே கொடுக்கலாம். ஆனால் அதையே சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கி, மூன்று நாள் தின்று நிறுத்தி, கிருமிக்கு நாம் பயிற்சி கொடுத்துவிட்டோம். அம்மருந்துக்கு அடங்காத சூடோமோனாஸ் இன்று பெருகியிருக்கிறது. நான் மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்த சொட்டு மருந்தும் அந்த வகுப்பைச் சேர்ந்ததே என்று பின்னால் சீசாவின் மேல் படித்துத் தெரிந்துகொண்டேன். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு முன் இப்படி அரைகுறையாய் மருந்து போட்டால் எந்தக் கிருமி என்றே தெரியாமற் போகவும் கூடும். உபதேசியாருக்கு அவ்வாறு நேரவில்லை. அது என் சாமர்த்தியம் அன்று.

சிலருக்குக் கிருமிக்குப் பதில் பூஞ்சையே காரணமாய் இருப்பதுண்டு. அதற்கு மருந்து வேறு. 2021-இல் கொரோனாவுக்குப்பின் கருப்புப் பூஞ்சை என்று நாடே அஞ்சியதை மறந்திருக்க மாட்டீர்கள். அது மூக்கையும் கண்ணையும் தாக்கிய வேறொரு நோய். ஆயினும் கட்டுப்படாத சர்க்கரைதான் அங்கேயும் பலருக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இந்த மாத்திரையைச் சாப்பிடுவோர்க்கு மருத்துவர் சொன்ன எச்சரிக்கைகள் சில உண்டு. பாலோடும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் மருந்தோடும், இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. மருந்து உடலில் சேராது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். வியர்த்து நடுங்கினால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும். குதிகாலில் நரம்பு இழுப்பதுபோல் வலித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி வருவதுதான் பலர் இடறும் இடம். ஐந்தாவது வாரத்தில் உபதேசியாருக்கு வலி நின்றது. சீழும் இல்லை. வீட்டிற்கு வந்து உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே கதை சொன்னார். அக்டோபர் முதல் வெள்ளியன்று நான் போனபோது, குடிக்கத் தண்ணீர் எடுக்க மனைவியார் உள்ளே சென்றார். மேசைமேல் மாத்திரை அட்டைகள் இரண்டு பிரிக்கப்படாமல் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன். பத்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது.

"உபதேசியாரே, இது என்ன?"

"வலி இல்லையே சாமி. எதற்கு வீணாய் மருந்து? வயிற்றையும் புரட்டுகிறது. மகளுக்கும் செலவு."

"இரவில் உறங்குகிறீர்களா?"

பதில் இல்லை. தண்ணீர்ச் செம்போடு வந்த மனைவியார்தான், "மூன்று நாளாய் உறக்கம் இல்லை சாமி. உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்கள்" என்றார்.

இம்முறை 'காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டு நடக்கவில்லை. மற்ற வீடுகளுக்கு மாலையில் வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, அவரோடு நானே வண்டியில் ஏறினேன். இறங்கி வந்துகொண்டிருந்த இ.எஸ்.ஆர். மீண்டும் 70-ஐத் தாண்டியிருந்தது. வலி நிற்பது ஒன்று, எலும்பு ஆறுவது வேறொன்று என்றார் மருத்துவர். தோற்புண் ஒரு வாரத்தில் ஆறலாம். எலும்புக்குள் போன கிருமி சாக ஆறு வாரம் முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல், இடைவிடாமல் மருந்து வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதை வலி தீர்மானிக்காது; இரத்தச் சோதனையும் ஸ்கேனும் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். நிறுத்தியபின்னும் ஓராண்டுக்குள் நோய் திரும்பக்கூடும். எனவே குறித்த நாளில் போய்க் காட்டிவர வேண்டும்.

முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில்தான் மருந்தை நிறுத்தினார்கள். அந்த மூன்று மாதமும் மாத்திரை எண்ணும் பொறுப்பை அவருடைய பேரன் ஏற்றுக்கொண்டான். ஏழாம் வகுப்புப் பையன். நாட்காட்டியில் தாத்தா விழுங்கிய ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு சிலுவைக் குறி போட்டான். ஒரு நாளும் தவறவில்லை.

நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு கூறுகிறது. அவர்களில் மிகச் சிலருக்கே இந்தக் காது நோய் வரும். வாசகர்கள் அஞ்சிக் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் காதைக் குடையும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு, சாவி முனை, பஞ்சு சுற்றிய குச்சி எதுவும் வேண்டாம். கோவிலில் பிரசங்கம் நீளும்போது சிலர் சட்டைப்பையிலிருந்து பேனா மூடியை எடுத்துக் காதில் விடுவதைப் பீடத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிரசங்கத்தைச் சுருக்க நான் ஆயத்தம், அவர்களும் மூடியைப் பையிலேயே வைக்கட்டும். காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் நீரிழிவாளரின் காதில் ஊற்றாதீர்கள். குளித்தபின் வெளிக்காதை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். 2021 முதல் தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் சர்க்கரை மாத்திரையை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறார்கள். அவர்கள் வரும்போது காலைக் காட்டுவதுபோல், வலியிருந்தால் காதைப் பற்றியும் சொல்லுங்கள்.

உபதேசியாருக்கு முகம் முழுவதும் நேராகவில்லை. நரம்பு ஓரளவே மீண்டது. வலக்கண் முற்றிலும் மூடாததால் இரவில் மருந்திட்டு மெல்லிய ஒட்டுத்துணியால் மூடிக்கொள்கிறார். வலது காது மந்தமாதலால் கோவிலில் இப்போது வலப்பக்கத்து வரிசையில், இடக்காது பீடத்தைப் பார்க்கும்படி அமர்கிறார். 2023 பாஸ்குவுக்குப் பின்வந்த ஞாயிறன்று அவரே கேட்டுக்கொண்டு முதல் வாசகம் வாசித்தார். 'ப' என்றும் 'ம' என்றும் உதடு கூடவேண்டிய இடங்களில் ஒலி நழுவியது. மேடைக்கருகில் பேரன் நின்றுகொண்டு, அவர் வாசிக்கும் வரிக்குக் கீழே விரலை நகர்த்திக்கொண்டே வந்தான்.